புயல் பாதை வரைபடம்: கோட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

கொல்கத்தா: வங்கக் கடலில் புயல் உருவானதும், இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் பாதை வரைபடம் கைப்பேசிகளில் வேகமாகப் பரவுகிறது. அதிலுள்ள கோடு தங்கள் ஊரைத் தொடவில்லை என்றால் ஆபத்து இல்லை எனப் பலர் கருதுகின்றனர். அது தவறான கணக்கு என்பதை மேற்கு வங்கம் அனுபவத்தில் கண்டுள்ளது.

2024 அக்டோபர் 25 அதிகாலையில் டானா புயல் ஒடிசாவின் பித்தர்கனிகா, தாம்ரா இடையே கரையைக் கடந்தது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கொல்கத்தாவில் கனமழை பெய்து, சாலைகளில் வெள்ளம் தேங்கியது. 2021 மே 26 அன்று யாஸ் புயலும் ஒடிசாவில்தான் கரையைக் கடந்தது. எனினும், பௌர்ணமியையொட்டிய கடல் ஏற்றமும் புயல் அலைகளும் சேர்ந்ததால் மேற்கு வங்கத்தின் திகா, சாகர் தீவுப் பகுதிகளில் கடல்நீர் புகுந்தது.

கோடும் கூம்பும்

வரைபடத்தில் உள்ள கோடு, புயலின் மையம் செல்லக்கூடிய வழியை மட்டுமே காட்டுகிறது. கோட்டைச் சுற்றி விரியும் கூம்பு, அந்த மையம் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதைக் குறிக்கிறது. நாள்கள் கூடும்போது கணிப்பின் பிழையும் கூடுவதால் கூம்பு அகலமாகிறது. புயல் பெரிதாகிறது என்பது அதன் பொருளன்று. கூம்புக்கு வெளியே உள்ள ஊர்களிலும் மழை, பலத்த காற்று, கடல் சீற்றம் ஏற்படலாம்.

நேரமும் வேகமும்

பாதை வரைபடத்தில் உலகப் பொது நேரம் குறிக்கப்படுகிறது. அதனுடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். காற்றின் வேகம் 'நாட்' அளவில் தரப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டர். காற்றின் வேகம் 34 நாட், அதாவது மணிக்கு சுமார் 62 கிலோமீட்டரை எட்டும்போதுதான் ஒரு தாழ்வு மண்டலம் புயல் எனப்படுகிறது.

வண்ணங்கள் சொல்வது

ஓர் ஊருக்கான ஆபத்தை அறிய, மாவட்ட வாரியான எச்சரிக்கை வரைபடத்தையும் பார்க்க வேண்டும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள், நிலவரத்தைக் கவனித்து வருமாறு கூறுகிறது. ஆரஞ்சு, தயார் நிலையில் இருக்கச் சொல்கிறது. சிவப்பு, உடனடி நடவடிக்கை தேவை என்பதற்கான அறிவிப்பு. மழை அளவுக்கும் வரையறை உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை.

மேற்கு வங்கத்துக்கான எச்சரிக்கைகளைக் கொல்கத்தா அலிப்பூரில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் வெளியிடுகிறது. புயல் நிலவும் நாள்களில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அறிக்கை புதுப்பிக்கப்படுவதால், பகிரப்படும் படத்தை நம்பும் முன் அது வெளியான தேதியையும் நேரத்தையும் சரிபார்ப்பது அவசியம்.