குவாட்டர்பேக்கை எடைபோட்ட கதை

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், எறிவதும், எதிரே வருபவரை மோதித் தள்ளுவதும்தான் அங்கே ஆட்டம். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பெரும்பாலும் பந்து முதலில் போய்ச் சேருவது குவாட்டர்பேக் என்ற ஒருவரின் கைக்கு. யாருக்கு எறிவது என்று இரண்டரை, மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அதுவும் நூற்றிருபது கிலோ ஆசாமிகள் நாலு பேர் அவரை நசுக்க ஓடி வந்துகொண்டிருக்கும்போது! அணியின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த ஒருவர் கையில்தான்.

இந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக் என்.எஃப்.எல். அது வருடா வருடம் கல்லூரி வீரர்களைப் பங்குபோட்டுக்கொள்ளும் முறைக்குப் பெயர் 'டிராஃப்ட்'. ஐபிஎல் மாதிரி ஏலம் கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணி முதல் ஆளை எடுக்கும், அதற்கு முந்தைய அணி இரண்டாவது ஆளை, இப்படியே வரிசையாகப் போகும். எந்த ஊருக்குப் போவது என்பதில் வீரருக்குப் பெரிதாகப் பேச்சில்லை. முதல் இடத்தில் தப்பான குவாட்டர்பேக்கை எடுத்த அணி ஐந்தாறு வருடம் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் இந்த எடைபோடும் வேலைக்கு அங்கே இத்தனை ஆர்ப்பாட்டம்.

முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் ஓட்டலில் நடந்தது. யோசனை, ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல்லுடையது. (அவர் அணிதான் அப்போது கடைசி என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.) சுமார் 90 பெயர்களைப் பலகையில் எழுதி வைத்தார்கள். அணிகளிடம் ஆள் பார்க்கும் துறை என்று ஒன்று கிடையாது. செய்தித்தாளில் படித்தது, தெரிந்தவர் சொன்னது, அவ்வளவுதான் ஆதாரம். முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் சம்பளம் ஒத்துவராமல் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டிராஃப்டின் முதல் கணக்கே தப்புக் கணக்கு!

அடுத்த இருபது வருடத்தில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. 1955-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது சுற்றில் ஜானி யுனைட்டஸ் என்பவரை எடுத்தது. சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பியும் விட்டது. அவர் ஆட்டத்துக்கு 6 டாலர் வாங்கிக்கொண்டு உள்ளூர் அணி ஒன்றில் ஆடினார். அடுத்த வருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது. 1958-ல் அந்த அணிக்குச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

கணக்கை ஒழுங்காகப் போட முயன்றது 1960-களில் டல்லஸ் கௌபாய்ஸ். இதில் நமக்கு ஒரு சுவாரசியம் உண்டு. கம்ப்யூட்டரில் வீரர்களை மதிப்பிடும் முறையை அவர்களுக்கு உருவாக்கிக் கொடுத்தவர் சலாம் குரேஷி என்ற இந்தியர். ஐ.பி.எம்.மின் துணை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த புள்ளியியல்காரர். அமெரிக்க ஃபுட்பால் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரோடு உட்கார்ந்த கௌபாய்ஸ்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. 'நல்ல வீரர்' என்று நீங்கள் சொல்வதன் பொருள் என்ன என்பதுதான் குரேஷியின் அடிப்படைக் கேள்வி. குணம், போட்டி மனப்பான்மை, புத்திக்கூர்மை, உடல் கட்டுப்பாடு, பலம் என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்க வைத்தார். ஆட்டம் தெரியாத ஒருவர் கேட்டதால்தான் அந்தக் கேள்வி வந்தது. மற்றவர்கள் பதில் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாத ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. குவாட்டர்பேக் என்றால் தலைவன், மூளைக்காரன், எனவே வெள்ளைக்காரன். கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஜெயித்த கறுப்பின வீரர்களை 'உனக்கு ஓட்டம் நன்றாக வருகிறது' என்று பாராட்டியே வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மார்லின் பிரிஸ்கோவை 1968-ல் டென்வர் பிராங்கோஸ் பதினான்காவது சுற்றில் எடுத்தது, தடுப்பு ஆட்டக்காரராக. குவாட்டர்பேக் ஆக ஒரு வாய்ப்பு வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கியிருந்தார். மற்றவர்கள் காயமடைந்து, ஆட்டம் சரியில்லாமல் போனபோது களத்தில் இறக்கினார்கள். அந்த ஒரே சீசனில் 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த வருடம் டென்வரில் அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோ அணியில் பந்து பிடிப்பவராக ஆட வேண்டியதாயிற்று.

வாரன் மூன் கதை இன்னும் பெரியது. 1978 ஜனவரியில் ரோஸ் பவுல் ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை ஜெயிக்க வைத்து, ஆட்டநாயகன் விருதும் வாங்கினார். இருந்தும் அவரைக் குவாட்டர்பேக்காக எடுக்க என்.எஃப்.எல் அணிகளுக்கு மனம் வரவில்லை. இடம் மாற மாட்டேன் என்று சொல்லி, டிராஃப்டுக்குக் காத்திருக்காமல் கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே எட்மன்டன் அணி தொடர்ந்து ஐந்து கோப்பை ஜெயித்தது. 1984-ல் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அவரைக் கூப்பிட, அதன்பின் என்.எஃப்.எல்லில் மட்டும் 49,325 கஜம் எறிந்தார். 2006-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். ஆறு வருடம் கனடாவில் போனது போனதுதான். அதே 1978-ல் முதல் சுற்றில் எடுக்கப்பட்ட டக் வில்லியம்ஸ், பத்து வருடம் கழித்து சூப்பர் பவுலில் ஆட்டநாயகன் ஆனார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1980-களில் அளவெடுப்பு ஒரு திருவிழாவாகவே ஆனது. 'கம்பைன்' என்று பெயர். 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. உயரம், எடை, உள்ளங்கை அகலம், 40 கஜ ஓட்டம், எல்லாம் அளப்பார்கள். வொண்டர்லிக் என்று 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கொண்ட அறிவுத் தேர்வும் இருந்தது. 2022-ல்தான் அதைக் கைவிட்டார்கள். 40 கஜத்தை நேர்கோட்டில் ஓடும் வேலை குவாட்டர்பேக்குக்கு ஆட்டத்தில் எத்தனை முறை வரும் என்று கேட்காதீர்கள். 2000-ல் டாம் பிரேடி அதை 5.28 விநாடியில் ஓடினார், அதாவது நடந்தார் என்றே சொல்லலாம். அவருக்கு முன்னால் ஆறு குவாட்டர்பேக்குகள் போய், 199-வதாகத்தான் அவர் பெயர் வந்தது. அவர் பிறகு ஏழு சூப்பர் பவுல் ஜெயித்த கதை எல்லோரும் சொல்லித் தேய்ந்தது, விட்டுவிடுவோம்.

அதைவிடப் பாடம் உள்ளது 1998. டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்ட்டன் மேனிங், வாஷிங்டன் ஸ்டேட்டின் ரயன் லீஃப். யார் முதலில் என்பதில் நாடே இரண்டாகப் பிரிந்து நின்றது. லீஃபுக்குக் கை பலம் அதிகம், உடல் வாகு அதிகம் என்றார்கள். மேனிங் நான்கு வருடம் கல்லூரியில் ஆடி முடித்தவர், இனி வளர இடமில்லை என்ற பேச்சும் இருந்தது. நிறைய ஆடியது ஒரு குறையாம்! முதல் இடம் கோல்ட்ஸிடம் இருந்தது. அதன் தலைவர் பில் போலியன் மேனிங்கை எடுத்தார். லீஃபை எடுக்க சான் டியேகோ சார்ஜர்ஸ் மூன்றாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அந்த ஒரு படிக்கு முதல் சுற்றுத் தேர்வு இரண்டு, இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று, இரண்டு வீரர்கள் என்று விலை கொடுத்தது.

லீஃபின் மூன்றாவது ஆட்டம் கான்சஸ் சிட்டிக்கு எதிராக. 15 முறை எறிந்து ஒரே ஒருமுறை சேர்ந்தது, மொத்தம் 4 கஜம். சார்ஜர்ஸுக்காக அவர் தொடங்கிய 18 ஆட்டங்களில் 4 மட்டுமே வெற்றி. மேனிங்கும் முதல் வருடம் தடுமாறியவர்தான். 28 முறை பந்தை எதிரணியிடம் கொடுத்தார், அணி 16-ல் 13 ஆட்டம் தோற்றது. கை பலத்தையும் உயரத்தையும் பார்த்திருந்தால் இருவரும் ஒன்று. தோற்ற பிறகு திங்கட்கிழமை காலை யார் என்ன செய்தார் என்பதில்தான் வித்தியாசம். மேனிங் தன் தப்புகளைப் படத்தில் போட்டுப் பார்த்தார், ஐந்து முறை லீகின் சிறந்த வீரர் ஆனார். அந்தத் திங்கட்கிழமையை அளக்க எந்த நாடாவும் கம்பைனில் கிடையாது. ஆனால் கல்லூரியில் மூன்று, நான்கு வருடம் தோற்றும் ஜெயித்தும் ஆடியவரிடம் அதன் சாயல் தெரியும். நிறைய ஆடியிருப்பதைக் குறை என்றவர்கள் தூக்கிப் போட்டது இருந்த ஒரே நல்ல ஆதாரத்தை.

இப்போது பணத்துக்கு வருவோம். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2005 வாக்கில் இந்த டிராஃப்டை ஒரு சந்தையாக எடுத்து ஆராய்ந்தார்கள். (தேலர் 2017-ல் நோபல் வாங்கியவர்.) ஒரே நிலையில் ஆடும் இருவரில் முதலில் எடுக்கப்பட்டவர் பிறகு எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு பாதிக்குச் சற்றுத்தான் மேல் என்று கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் அணிகள் முதல் இடத்துக்குக் கொடுத்த விலை, நிச்சயமாகத் தெரிந்தவர்கள் கொடுக்கும் விலை. கொடுத்த சம்பளத்துக்கு மேல் கிடைத்த பலன் இரண்டாம் சுற்று ஆட்களிடம்தான் அதிகம்.

2010-ல் முதலாவதாக வந்த குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம், அதில் 50 மில்லியன் உத்தரவாதம். ஒரு ஆட்டம் ஆடும் முன்பே! அடுத்த வருடம் லீக் புதியவர் சம்பளத்துக்கு வரம்பு போட்டது. 2011-ல் முதலாவது கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 22 மில்லியன்தான். தப்பின் விலை குறைந்தது. தப்பு குறைந்ததா?

2018-ல் லமார் ஜாக்சன் வந்தார். லூயிவில் பல்கலைக்கழகக் குவாட்டர்பேக், கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மனை 2016-ல் வாங்கியவர், கறுப்பினத்தவர், மின்னல் வேக ஓட்டம். அவர் பந்து பிடிப்பவராக மாறினால் நல்லது என்று தொலைக்காட்சி நிபுணர் ஒருவர் கருத்துச் சொன்னார். அந்த நிபுணர் வேறு யாருமல்ல, 1998-ல் லீஃபை விட்டு மேனிங்கை எடுத்த அதே பில் போலியன். கம்பைனில் 40 கஜம் ஓட ஜாக்சன் மறுத்துவிட்டார். ஓடினால், வேகத்தைக் காட்டியே இடத்தை மாற்றச் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான்கு குவாட்டர்பேக்குகள் போன பிறகு, முதல் சுற்றின் கடைசி இடமான 32-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அவரை எடுத்தது. 2019-ல் 36 டச்டவுன் எறிந்து, 1,206 கஜம் ஓடி, ஒரு வாக்குகூட விலகாமல் லீகின் சிறந்த வீரர் ஆனார். அந்த சீசன் முடிவதற்கு முன்பே போலியன் தன் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.