ரசீது இல்லாத பாக்கி

1776இல் சென்னை ஜார்ஜ் கோட்டைக் கவுன்சில் முன் ஒரு பழைய பாக்கி வசூலுக்கு வந்தது. கேட்டவர் பால் பென்ஃபீல்ட். கட்டட வேலைக்காகக் கிழக்கிந்தியக் கும்பினியில் சேர்ந்தவர். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டு. வரவேண்டியது என்று அவர் காட்டிய தொகையோ 2,34,000 பவுண்டு. அதில் 1,62,000 பவுண்டு, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா தஞ்சாவூர் வருவாயின் மீது எழுதிக்கொடுத்ததாம். மீதி 72,000 தஞ்சைச் சீமையில் தனியாட்கள் பட்ட கடனாம். இந்தப் பாக்கிக்கு என்ன சான்று இருந்தது என்பதே என் கேள்வி.

கோரிக்கை வந்த நேரமே முதல் தடயம். 1773இல் கும்பினிப் படையின் துணையோடு நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். லண்டன் இயக்குநர்கள் அதை மன்னர் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். 1776 ஏப்ரலில் கவர்னர் பிகட் அப்படியே செய்தார். நாடு கைமாறியதும் பென்ஃபீல்டின் வசூல் வழி அடைபட்டது. உடனே கோட்டைக் கதவைத் தட்டினார்.

கவுன்சில் ஆதாரம் கேட்டது. தனியாட்களின் கடனுக்கு அவரால் பத்திரம் காட்ட முடியவில்லை. நவாபின் கடனுக்கோ, நவாப் ஊரில்தான் இருக்கிறார், கேட்டால் ஒப்புக்கொள்வார் என்றார். இந்தப் பதிலிடம்தான் நான் நெடுநேரம் நின்றேன். பணம் கொடுத்ததற்குச் சான்று, வாங்கியவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தை! கட்டப்போவது நவாப் அல்ல, தஞ்சை வயல்கள். தன் கையிலிருந்து போகாத நெல்லுக்கு ஆமாம் போடுவதில் நவாபுக்கு என்ன நட்டம்?

முதலில் கோரிக்கையை ஏற்க மறுத்த கவுன்சில், சில நாட்களில் பெரும்பான்மை வாக்கில் தன் முடிவையே மாற்றியது. எதிர்த்து நின்ற பிகட்டை அந்தப் பெரும்பான்மையினர் ஆகஸ்ட் 24 அன்று கைது செய்தார்கள். மறு ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். ஒரு கவர்னரையே சிறைவைக்கும் வலு ஒரு கடன் பாக்கிக்கு இருந்திருக்கிறது.

அந்த வலு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, கடனின் பிறப்புக்குப் போக வேண்டும். போர்ச் செலவுக்காகக் கும்பினி நவாபை நெருக்கியது. நவாப் கும்பினி ஊழியர்களிடமே தனிக்கடன் வாங்கினார். வட்டி 36 சதவீதத்தில் தொடங்கி 25, 20 என்று இறங்கியது. 1767இல் பழைய பத்திரங்கள் 8,80,000 பவுண்டுக்கு ஒரே கடனாக்கப்பட்டு, வட்டி 10 சதவீதமானது. அசலும் வட்டியும் சேர்ந்து புதிய அசலாகிவிட்டால், முதலில் கைமாறிய பணம் எவ்வளவு என்று யாராலும் பிரித்தறிய முடியாது. 1777இல் இன்னொரு தொகுப்பு. அது 24 லட்சம் பவுண்டு, வட்டி 12 சதவீதம். அடகு வைத்தது மாவட்டங்களின் வருவாயை. கடன் கொடுத்தவர் குத்தகைதாரரை நெருக்க, குத்தகைதாரர் குடியானவரை நெருக்கினார். நவாப் எழுதிய பத்திரங்களில் இந்தக் குடியானவருக்கு இடமே இல்லை.

1784இல் பிட்டின் இந்தியச் சட்டம் இந்தக் கடன்களை விசாரிக்கச் சொன்னது. இயக்குநர்கள் விசாரணை உத்தரவை வரைந்தார்கள். ஹென்றி டண்டாஸ் கோலோச்சிய கட்டுப்பாட்டு வாரியம் அதை மாற்றி, விசாரணையின்றிக் கட்டச் சொன்னது. ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, நவாபின் கர்நாடகச் சீமை வருவாயிலிருந்து ஒதுக்கப்பட்டது. 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் இதைக் கிழித்துப் போட்டார். பென்ஃபீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அந்த அவைக்குள் கொண்டுவந்தவர் என்பது பர்க் வைத்த குற்றச்சாட்டு. பயனில்லை, 164க்கு 69 என்று வாக்கில் அவர் தரப்பு தோற்றது.

பாக்கி உண்மைதானா என்று ஊசி முனையில் நிறுத்திப் பார்த்தது பிறகுதான். 1801இல் கர்நாடகம் கும்பினி கைக்குப் போன பின், 1805 ஒப்பந்தப்படி ஆணையர்கள் அமர்ந்து, மீதமிருந்த கோரிக்கைகளைச் சரிபார்த்தார்கள். அவர்களுக்கு உதவிய ரெட்டி ராவ் மீதே கள்ளப் பத்திரக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆனாலும் கணக்கு நடந்தது. 1830 வாக்கில் முடிந்தபோது, கேட்கப்பட்டது மூன்று கோடி பவுண்டுக்கு மேல். செல்லும் என்று ஏற்கப்பட்டது சுமார் 27 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இங்கேதான் என் தேடலுக்கு விடை கிடைத்தது. பென்ஃபீல்ட் தரப்பின் கடன்கள் இந்தச் சல்லடைக்குள் வரவே இல்லை. விசாரணையின்றி ஏற்கப்பட்டதால், 1804 வாக்கில் வட்டியோடு கட்டித் தீர்க்கப்பட்டிருந்தன. போனது ஏறக்குறைய 50 லட்சம் பவுண்டு. பத்திரம் கேட்டபோது பத்துக்கு ஒன்று தேறவில்லை. பத்திரம் கேட்காதபோது முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது. அந்த 50 லட்சத்தையும் கொடுத்தது ஆற்காட்டுச் சீமையின் நிலவரி.