வேண்டாதவர்

பூம்பாறை மலைக் கிராமத்தில், குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. 2025 ஏப்ரல் கடைசி வாரம். பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், டில்லியிலிருந்த பாகிஸ்தானின் முப்படை ஆலோசகர்களை இந்தியா ‘பெர்சோனா நான் கிராட்டா’ என்று அறிவித்து, ஒரு வாரம் கெடு விதித்திருந்தது. நான் வாசித்த நாளிதழ் ‘விரும்பத்தகாத நபர்கள்’ என்று அச்சிட்டிருந்தது. பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர், விளக்கத்தை முழுதும் கேட்குமுன்பே கோணி ஊசியை நிறுத்திச் சொன்னார்: “வேண்டாத ஆளு, போயிருன்னு சொல்லிட்டாங்க. அம்புட்டுத்தான தம்பி?”

அன்றிலிருந்து அந்த நாளிதழ்ச் சொல் எனக்கு உறுத்துகிறது.

‘பெர்சோனா’ என்பது லத்தீனில் நடிகர் முகத்தில் மாட்டிய முகமூடி. பிறகு அவர் ஏற்ற பாத்திரம், கடைசியில் ஆள். ‘ஊடே ஒலித்தல்’ எனப் பொருள்படும் ‘பெர்சொனாரே’ என்ற வினையிலிருந்து வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அந்த வினையில் ‘சொ’ குறில், பெர்சோனாவில் ‘சோ’ நெடில். குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கே அது இடறும். இத்தாலியில் தார்க்வீனியாவின் பழங்கல்லறைச் சுவர் ஓவியத்தில், முகமூடிக்காரன் ஒருவன் அருகே எத்ருஸ்க மொழியில் ‘பெர்சு’ என்று எழுதியிருக்கிறது. மூலம் அதுவாக இருக்கலாம் என்பதே அறிஞர் பலர் கருத்து. தூதருக்கு முகமூடி எவ்வளவு பொருத்தம்! அவர் வாயில் வருவது அவர் பேச்சல்ல, அனுப்பியவர் பேச்சு.

‘கிராட்டா’ என்றால் உவப்பானது. பெர்சோனா பெண்பால் சொல் என்பதால், தாடி வைத்த தூதருக்கும் பெண்பால் ஈறுதான். இதே வேரில் பிறந்த ‘கிராசியா’ கிறிஸ்தவத் தமிழில் ‘அருள்’ ஆயிற்று. இந்த மலையிலேயே, செண்பகனூரில் இயேசு சபையார் 1895இல் தொடங்கிய திருஇருதயக் கல்லூரியில் படித்த துறவியருக்கு ‘கிராசியா’ அன்றாடச் சொல்.

ஆக, லத்தீன் சொல்வது இவ்வளவுதான்: வரவேற்பவருக்கு இவர் உவப்பில்லை. தூதர் நல்லவரா கெட்டவரா என்ற பேச்சே அதில் இல்லை. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 9ஆம் பிரிவும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே இப்படி அறிவிக்கலாம் என்கிறது. மண்ணை மிதிக்காதவரைக்கூட அறிவிக்கலாம். வராத மனிதர் இங்கே என்ன குற்றம் செய்திருக்க முடியும்? ‘விரும்பத்தகாத’ என்றால் பழி அவர் தலையில் விழுகிறது. ‘வேண்டாதவர்’ என்றால் மனம் நம்முடையது, முடிவும் நம்முடையது. (‘நபர்’ அரபியிலிருந்து வந்தது. அதில் எனக்கு வழக்கில்லை.)

வேண்டாதவரைப் ‘போ’ என்று மட்டும் சொல்வதன் அருமை, புறநானூற்றின் 47ஆம் பாட்டின் பின்னணியில் தெரிகிறது. இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குப் போகிறார். அங்கே அவனுடைய பகைவன் நெடுங்கிள்ளி இவரை ஒற்றன் என்று எண்ணிக் கொல்லப் போகிறான். புலவர் கோவூர்கிழார் பாடி உயிரை மீட்கிறார். நலங்கிள்ளியிடம் புலவர், நெடுங்கிள்ளியிடம் ஒற்றர். ஆள் ஒருவர்தான், மாறியது வாசல். ‘போ’ என்று சொல்லி அனுப்ப ஒரு வழக்கம் இருந்திருந்தால், கோவூர்கிழார் ஓடி வந்திருக்க வேண்டியதில்லை.

பெரியவர் நூலை முடிந்து பல்லால் கடித்தார். சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்கே ஐயா, வீட்டுக்கா?”

“கோயிலுக்கு. பூண்டுக்கு விலை நிக்கணும்னு வேண்டிக்கிட்டு வாரேன்.”