எண்ணிப் பெறும் வண்டு, பெற்று எண்ணும் வண்டு

மழை பெய்து ஓய்ந்தபின் பாகூர் ஏரிக்கரையிலோ வில்லியனூர்ப் பக்கத்து மேய்ச்சல் தரிசிலோ கிடக்கும் மாட்டுச் சாணத்தை உற்றுப் பாருங்கள். ஓரமெல்லாம் புதுமண் சின்னச் சின்னக் குவியல்களாக வெளித்தள்ளியிருக்கும். அடியில் சாணி வண்டு வளை தோண்டுகிறது என்று அர்த்தம். இதே வேலையைச் செத்த எலியை வைத்துச் செய்யும் வண்டும் உண்டு. பிணம் புதைக்கும் வண்டு எனப்படும் நிக்ரோஃபோரஸ் பெரும்பாலும் குளிர்ப் பகுதிகளுக்கு உரியது. அதில் நேபாலென்சிஸ் என்ற இனம் இமயமலைப் பகுதியிலிருந்து தைவான் வரை வாழ்கிறது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் பட்டை அதன் அடையாளம்.

இரண்டுமே சீக்கிரம் வீணாகிவிடும் உணவை மண்ணுக்குள் கொண்டுபோய்ப் பிள்ளை வளர்ப்பவை. ஆனால் வளர்க்கும் விதம் நேர்மாறு. ஒன்று பாசமுள்ளது, மற்றது இல்லாதது என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. உணவின் தன்மையே இரண்டையும் பிரிக்கிறது.

மாடுள்ள ஊரில் சாணத்துக்குப் பஞ்சமில்லை. தினமும் கிடைக்கும்; ஆனால் சத்து குறைவு. செத்த எலியோ சத்து மிகுந்தது. எங்கே, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கிடைத்தாலும் ஈ, எறும்பு, நுண்ணுயிர் எல்லாம் பங்குக்கு வந்துவிடும். அதனால் பிணத்தின் வாடை பிடித்துப் பல வண்டுகள் கூடினால் முதலில் சண்டைதான். பெரும்பாலும் வென்ற ஆணும் பெண்ணும் சேர்ந்து அதைப் புதைக்கின்றன. முடியையோ இறகையோ களைந்து, உடலை உருண்டையாகச் சுருட்டி, வாயிலிருந்தும் குதத்திலிருந்தும் சுரக்கும் நீரைப் பூசுகின்றன. அழுகலைத் தள்ளிப்போடும் பூச்சு அது. வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வரும் சிற்றுண்ணிகள் ஈ முட்டைகளைத் தின்று ஓரளவு உதவுகின்றன.

முட்டைகளைப் பெண் வண்டு பக்கத்து மண்ணில் இடுகிறது. பொரித்த புழுக்கள் ஊர்ந்து பிணத்துக்கு வருகின்றன. மேலே பெற்றோர் குடைந்து வைத்த குழியில் அவை கூடிக் கிடந்து, தாய் தகப்பனின் வாயைத் தட்டித் தட்டி இரை கேட்கின்றன. பெற்றோர் கக்கி ஊட்டுகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிணம் தீர்ந்து, புழுக்கள் கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள் போய்விடும்.

நம் பக்கத்துச் சாணி வண்டுகளில் பல, வளைக்குள் சாணத்தை அடைத்து, ஒரு பங்குக்கு ஒரு முட்டை வைத்து மூடிவிட்டு நகர்ந்துவிடும். கோப்ரிஸ் என்ற சாணி வண்டு இனங்களில் தாய் நகர்வதில்லை. உருண்டைகளின் அருகிலேயே தங்கி, வெடிப்பு கண்டால் பூசுகிறது. பூஞ்சை படராமல் பார்த்துக்கொள்கிறது. பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார். இத்தனை காவல் இருந்தும் தாய் பிள்ளைக்கு ஒருவாய்கூட ஊட்டுவதில்லை. உருண்டைதான் வீடு, உருண்டைதான் சோறு.

இரண்டும் முற்றிலும் பிரிவது பிள்ளைக் கணக்கில். சாணி வண்டு, பங்கைப் பிரித்த பிறகே முட்டை வைக்கிறது. ஒரு உருண்டைக்கு ஒரு பிள்ளை என்பதால் உடன்பிறப்புக்குள் போட்டி இல்லை. பிணம் புதைக்கும் வண்டுக்கு உருண்டை ஒன்றுதான், பிள்ளைகளோ பல. கூடுதலாக முட்டை இட்டு வைக்கிறது. பொரித்தவை உணவுக்கு மிஞ்சினால், அளவு சரியாகும்வரை சில புழுக்களைத் தானே தின்றுவிடுகிறது. ஊட்டுவதும் தின்பதும் ஒரே வாய். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் எல்லாவற்றையும் விட்டுவைத்தால் எல்லாமே அரைவயிற்றோடு வளரும்.

அப்படியானால் பிணம் புதைக்கும் வண்டு ஏன் நம் வெயில் காயும் சமவெளியில் பிழைப்பதில்லை? தைவான் மலைகளில் நேபாலென்சிஸ் இனத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. மிதமான வெப்பமுள்ள நடுத்தர உயரங்களில் சிறு கூட்டமே பிணத்தைக் காப்பாற்றிவிடுகிறது. தாழ்வான வெப்பப் பகுதியில் ஈக்களின் போட்டி கடுமை. அங்கே பல வண்டுகள் ஒத்துழைத்தால்தான் வெற்றி. பாகூர் வெயிலில் ஓர் எலி செத்துக் கிடந்தால், வண்டு வந்து குழி தோண்டும்வரை ஈயும் எறும்பும் காத்திருக்குமா?

இரண்டு உத்திகளுக்கும் விலை உண்டு. பிணம் புதைக்கும் வண்டு பிறந்த பிள்ளையைப் பலி கொடுத்தாவது கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். சாணி வண்டால் முடியாது. மூடிய உருண்டைக்குள் இருப்பது நஞ்சானாலும் புழு அதையே தின்றாக வேண்டும். மாட்டுக்குக் குடற்புழு நீக்கப் போடும் ஐவர்மெக்டின் மருந்தின் மிச்சம் சாணத்தில் வெளியேறி வண்டின் புழுக்களைக் கொல்கிறது. தாய் எவ்வளவு காவல் காத்தும் பயனில்லை. மருந்து போட்ட மாட்டை உடனே தரிசில் விடாமல் சில வாரம் தொழுவத்தில் கட்டி, அந்தச் சாணத்தை எருக்குழியில் சேர்ப்பதும், வண்டு பெருகும் மழைக்காலத்தைத் தவிர்த்து மருந்து போட முடியுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்பதும் நம் கையில் உள்ளவை. சாணத்தை மண்ணுக்குள் இறக்கி வயலுக்கு உரமாக்கும் கூலியில்லா வேலையாளுக்கு இதுகூடச் செய்யாமல் இருப்பது விவசாயிக்குத்தான் நஷ்டம்.