பதிவேட்டில் இல்லாத அம்மா

பெரம்பூரில் என் கல்லூரி நண்பன் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்குகிறது. அவனுடைய தாத்தா டைப் அடித்துவைத்த வம்சாவளி. ரயில்வே கார்டு, அவருக்கு மேலே தந்தி ஆபீஸ்காரர், அவருக்கு மேலே பட்டாள பேண்டில் ட்ரம் அடித்தவர், எல்லாருக்கும் உச்சியில் கம்பெனிப் படையின் ஆங்கிலேயச் சிப்பாய் ஒருவர். ஆண்களின் பெயர்கள் உச்சிவரை இருக்கின்றன. பெண்களின் பெயர்கள் மேலே போகப் போகக் குறைகின்றன. சிப்பாய்க்குப் பக்கத்தில் பெயரே இல்லை, ஒரு கோடு மட்டும்.

"இது யாரு கிரானி?" என்று நண்பனின் பாட்டியிடம் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் மேன். இந்த ஊர்ப் பொண்ணாத்தான் இருக்கும். இல்லேன்னா எனக்கு மீன்குழம்பு மேல இவ்ளோ ஆசை எங்கேர்ந்து வரும்?" என்று சிரித்தார். பிறகு, "கோட்டை சர்ச்லதான் அந்தக் காலத்துல எல்லாருக்கும் ஞானஸ்நானம். ஹிஸ்டரி ஹிஸ்டரின்னு அலையறியே, ஒரு தடவ போய்த்தான் பாரேன்" என்றார்.

அந்தக் கோட்டைத் தேடித்தான் நான் கோட்டைக்குப் போனேன்.

புனித ஜார்ஜ் கோட்டை இன்று தலைமைச் செயலகம், சட்டமன்றம். வாசலில் போலீஸ்காரர் அடையாள அட்டை பார்த்தார், பையைப் பிரித்தார், "எங்க போறீங்க?" என்றார். "சர்ச்சுக்கு" என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விட்டார். கோப்புகளோடு வேகமாக நடக்கும் ஊழியர்களையும் நிறுத்தியிருக்கும் கார் வரிசையையும் தாண்டிப் போனால், வெள்ளைக் கோபுரத்தோடு செயின்ட் மேரீஸ் ஆலயம். சுற்றியுள்ள தரையே கல்லறைப் பலகைகள்தான். நிறையப் பேர் அவற்றை மிதித்துக்கொண்டே போகிறார்கள், நானும்தான்.

பலகைகள் தரைக்கு வந்ததற்குக் காரணம் ஒரு போர். முதலில் வெள்ளைக்காரர்களின் இடுகாடு கோட்டைக்கு வெளியே, பழைய சட்டக் கல்லூரி நிற்கும் இடத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படை அங்கிருந்த உயரமான சமாதிகளை மறைவாக வைத்துக்கொண்டு கோட்டையைத் தாக்கியது. இனி அந்த வாய்ப்பே இருக்கக்கூடாது என்று ஆங்கிலேயர்கள் சமாதிகளை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த பலகைகளை மட்டும் கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பதித்தார்கள். கவர்னர் எலிஹு யேலின் மகன் கிடக்கும் சமாதியைப் பழைய இடத்திலேயே விட்டுவைத்தார்கள்.

கோட்டை தொடங்கி ஏறக்குறைய நாற்பது வருடம் இவர்களுக்குத் தனி ஆலயம் கிடையாது. கம்பெனி மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்திலேயே ஜெபம் நடந்தது. 1678-இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், லண்டன் முதலாளிகளின் காசுக்குக் காத்திருக்காமல், கோட்டையில் இருந்தவர்களிடமே சந்தா வசூலித்தார். சுமார் 800 வராகன் செலவு. மார்ச் 25, மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லப்பட்ட திருநாளில் வேலை தொடங்கியதால் ஆலயத்துக்கு மரியாளின் பெயர். 1680 அக்டோபர் 28-இல் பிரதிஷ்டை. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டும் என்று கூரையை மரமே இல்லாமல் செங்கல் வளைவாகக் கட்டினார்கள், சுவர் நான்கு அடி கனம். உள்ளே நின்று பார்த்தால் ஜெபிக்க வந்த இடத்திலும் பீரங்கியை மறக்காதவர்கள் என்று தெரிகிறது.

நான் வளர்ந்த பாடப்புத்தகத்தில் இவர்கள் ஆட்சியாளர்கள். 1680-இல் இவர்கள் வெறும் வெளிநாட்டு வேலைக்காரர்கள். இன்று துபாயிலோ தோஹாவிலோ கேம்ப்பில் இருந்துகொண்டு வெள்ளிக்கிழமை கூடும் நம்மூர்ச் சபைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கடிதம் வர மாதக்கணக்காகும். பலர் ஊர் திரும்பாமல் காய்ச்சலில் செத்தார்கள். ஞாயிறு ஆராதனை அவர்களுக்குச் சொந்த ஊரின் ஒரு துண்டு. வராதவருக்கு அபராதம் உண்டு, அந்தக் காசு ஏழைகளுக்குப் போகும்.

ஆலயத்தில் பதிவான முதல் கல்யாணம், பிரதிஷ்டை முடிந்த ஒரே வாரத்தில் யேல் செய்துகொண்டது. மணப்பெண், சக கம்பெனிக்காரர் ஒருவரின் விதவை. 1753-இல் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் இங்கேதான். அதை நடத்திவைத்தவர் வேப்பேரியிலிருந்து வந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி ஃபப்ரீஷியஸ். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தாரே, அதே ஃபப்ரீஷியஸ்.

சபையின் பணவிவகாரத்தைப் பார்த்துக்கொண்டது 'வெஸ்ட்ரி' என்ற நிர்வாகக் குழு. காணிக்கை, அபராதம், செத்தவர்கள் எழுதிவைத்த சொத்து எல்லாம் சேர்ந்து நல்ல தொகையானது. அதைக் கம்பெனிக்கே வட்டிக்குக் கொடுத்தார்கள். வட்டியில் விதவைகளுக்கு உதவி, அநாதைகளுக்குச் சாப்பாடு. இந்தியாவில் ஆங்கிலிக்கன் சபை செய்த முதல் சமூகப்பணி என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் யார் அந்த அநாதைகள்?

கோட்டைக்கு வந்த சிப்பாய்களில் மனைவியோடு வந்தவர்கள் மிகக் குறைவு. அவர்கள் இங்கேயே துணை தேடிக்கொண்டார்கள்: போர்த்துகீசிய வம்சாவளிப் பெண்கள், தமிழ்ப் பெண்கள், தெலுங்குப் பெண்கள். பிள்ளைகள் தாயோடு சேர்ந்து கத்தோலிக்கர்களாகிவிடுவார்களோ என்ற பயம் லண்டன் இயக்குநர்களுக்கு வந்துவிட்டது. 1687-இல் ஒரு கடிதம் எழுதினார்கள்: சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொள்வதை ஊக்குவியுங்கள், பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள். நம் வார்த்தையில் ஊக்கத்தொகை. ஒரு தங்க நாணயம் அந்தத் தாயின் கையில் விழுந்தபோது கம்பெனி அவளை நேருக்கு நேர் பார்த்தது. அப்புறம் அப்படிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1689 ஆகஸ்ட் 19. அன்று இந்த ஆலயத்தில் மூன்று சிறுமிகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மேரி, எலிசபெத், கேத்தரின். அப்பா ஜாப் சார்னாக், அடுத்த வருடம் கல்கத்தாவில் கம்பெனியை நிலைநிறுத்தப் போகிறவர். மொகலாயர்களோடு நடந்த சண்டையில் வங்காளத்தை விட்டு மெட்ராஸுக்கு ஒதுங்கியிருந்த சமயம். அம்மா ஒரு இந்துப் பெண். உடன்கட்டைச் சிதையிலிருந்து சார்னாக் அவளை மீட்டு வந்தார் என்று ஒரு கதை இருக்கிறது. கதை இருக்கிறது, பெயர் இல்லை. சார்னாக்கோடு பல வருடம் வாழ்ந்து, பிள்ளைகள் பெற்ற அந்தப் பெண்ணின் உண்மையான பெயரை வரலாறு காப்பாற்றி வைக்கவில்லை.

அப்பாவின் பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். சார்னாக் இறந்ததும், மூத்த மகள் மேரியின் கணவர் கல்கத்தாவில் ஒரு மண்டபம் எழுப்பினார். அதன் கல்லறைப் பலகையை 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் ஆராய்ந்து, அது நம் பல்லாவரம் பக்கத்துப் பாறை வகை என்று கண்டு, அந்த வகைக்கே 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். பரங்கிமலையில் ஏறும்போது நீங்கள் மிதிப்பது அந்த மனிதரின் பெயரைத்தான். ஒரு மலைக்கே அப்பாவின் பெயர் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

சபையின் தர்மம் அடுத்த நூற்றாண்டில் இன்னும் வளர்ந்தது. 1715-இல் ஆலயத்தின் சாப்ளின் வில்லியம் ஸ்டீவன்சன் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான தர்மப் பள்ளி வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பள்ளி தன் வயதை அந்த வருடத்திலிருந்துதான் எண்ணுகிறது. 1787-இல் கவர்னரின் மனைவி லேடி கேம்ப்பெல் முயற்சியில் சிப்பாய்களின் அநாதைப் பெண்குழந்தைகளுக்கு ஒரு இல்லம். 1789-இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு இல்லம். அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார்.

பெல்லின் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. ஒருநாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து போட்டுக்கொண்டிருந்தார்கள். காகிதச் செலவில்லை, மை செலவில்லை. தன் இல்லத்தில் அதையே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் சுளித்தார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனை ஆசிரியர் இடத்தில் வைத்தார், அவன் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தான். படித்த பிள்ளை படிக்காத பிள்ளைக்குச் சொல்லித்தருவது. நம் ஊரில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர்.

பெல் 1797-இல் லண்டனில் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1811-இல் ஆங்கிலிக்கன் சபை தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம், ஏழைப் பிள்ளைகளுக்கான தன் பள்ளிகளை அந்த முறையில் நடத்தியது. பெல் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் கட்டிய பள்ளிக்குப் பெயரே மெட்ராஸ் காலேஜ், இன்றும் இருக்கிறது. கோட்டைச் சபை நமக்குக் கல்வி கொடுத்தது என்று சொல்வார்கள். கொடுத்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்வியின் முதல் பாடத்தை அவர்கள் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திண்ணை எங்கே இருந்தது, வாத்தியார் யார் என்று பெல்லும் எழுதிவைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்தப் பிள்ளைகளைத் தாய்மாரின் பழக்கத்திலிருந்து பிரித்தெடுத்து நல்ல கிறிஸ்தவர்களாக, நல்ல பிரஜைகளாக ஆக்குவதுதான் தன் நோக்கம் என்பதைப் பெல் மறைக்கவில்லை. அவர் கெட்ட மனிதர் இல்லை. தெருவில் விடப்பட்டிருக்க வேண்டிய பையன்களுக்குச் சோறும் எழுத்தும் கிடைத்தன. அவரிடம் படித்த வில்லியம் ஸ்மித் என்ற பதினேழு வயதுப் பையன், பிணையாக வைத்திருந்த இளவரசர்களைத் திப்பு சுல்தானிடம் திருப்பி ஒப்படைக்கப் போன குழுவோடு போய், திப்புவின் முன்னாலேயே அறிவியல் சோதனைகள் செய்து காட்டினான். அந்தப் பையன்களுக்கு இது சின்ன விஷயமா? ஆனாலும் அங்கே அநாதை என்றால் பெரும்பாலும் அப்பாவை இழந்தவன் என்றுதான் அர்த்தம். அம்மா சில நேரம் நாலு தெரு தள்ளி உயிரோடு இருந்தாள். அவளிடமிருந்தும் காப்பாற்றுவதுதான் தர்மம் என்று அந்தச் சபை மனப்பூர்வமாக நம்பியது.

காப்பாற்றி எங்கே கொண்டுபோய் விட்டார்கள்? பெல்லின் இல்லம் திறந்து இரண்டே வருடத்தில், 1791-இல், பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் கம்பெனியின் சிவில், ராணுவ, கடற்படைப் பதவிகளுக்குத் தகுதியில்லை என்று உத்தரவு வந்தது. 1795-இல் இன்னும் இறுக்கினார்கள்: பட்டாளத்தில் குழல் ஊதலாம், ட்ரம் அடிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தர்மப் பெட்டியில் காசு போட்ட அதே கை, திங்கட்கிழமை இந்த உத்தரவை நடைமுறைப்படுத்தியது. அம்மாவை விட்டுவிட்டு வா என்றார்கள், வந்தவனை அம்மாவைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள்.

பெரம்பூர்க் காகிதத்தில் அந்த ட்ரம் அடித்தவர் ஏன் ட்ரம் அடித்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆலயத்துக்குள் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்கப் பளிங்கு நினைவுச் சின்னங்கள்: தளபதிகள், கவர்னர்கள், இளவயதில் இறந்த மனைவிகள். அழகாகத்தான் இருக்கின்றன. அந்நிய மண்ணில் செத்தவர்களுக்காக அழுதவர்களின் துக்கம் பொய்யில்லை. இத்தனை பெயர்களைக் கல்லில் வெட்டத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சில பெயர்களை மையால் எழுத முடியாமலா போயிருக்கும் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் பெரம்பூருக்குப் போனேன். கிரானி எல்லாவற்றையும் கேட்டார். சார்னாக் கதைக்கு மட்டும் உச்சுக்கொட்டினார். கோட்டுக்கு உரியவளின் பெயர் கிடைக்கவில்லை என்று சொன்னேன். நண்பன் சும்மா இல்லாமல், "அதுக்கென்ன, மேரின்னு போட்டுடலாம். ஞானஸ்நானம் வாங்கினவங்கள்ல பாதிப் பேரு மேரிதான்" என்றான்.

கிரானி தலையை ஆட்டினார். "வேணாம் மேன். அது சர்ச்சுல வெக்கிற பேரு. அவளுக்கு அவ அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும்ல. அது தெரியாம நாம எதையாவது எழுதிட்டா, அந்த எடமும் போயிடும்."

கோடு அப்படியே இருக்கிறது.