கனசதுரப் பகடையும் நீள்பகடையும்: பெங்களூர்க் கைபேசி விளையாட்டுகளின் முகப்புப் படங்கள் குறித்து

ஜிங்கா நிறுவனத்தின் இந்தியக் கிளையில் பணியாற்றிய சிலர் சேர்ந்து 2013இல் பெங்களூரில் தொடங்கியது மூன்ஃபிராக் லேப்ஸ். அதன் பெயரை நாடறியச் செய்த விளையாட்டுகள் இரண்டு: 'தீன் பத்தி கோல்ட்', 'லூடோ கிளப்'. 2021இல் சுவீடனின் ஸ்டில்ஃபிரன்ட் குழுமம் சுமார் 9 கோடி டாலருக்கு இந்நிறுவனத்தைத் தன்வசமாக்கியது. இத்தகைய பொழுதுபோக்கு விளையாட்டுகளின் வணிக வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. செயலிக் கடையில் அவை அணிந்து நிற்கும் முகப்புப் படங்களின் வரலாறுதான் எழுதப்படவில்லை. அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. சோழிகளை உருட்டிச் சௌகாபாராவும் நீள்பகடையை உருட்டிப் பகடையாட்டமும் ஆடிவந்த கன்னட நாட்டின் தலைநகரில் வரையப்படும் படத்தில், ஆங்கிலேயரின் கனசதுரப் பகடை எவ்வாறு நிலையான இடம் பிடித்தது?

விடை தேடச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1977இல் வெளிவந்த அட்டாரி விளையாட்டுப் பொறியின் நினைவகம் வெறும் 128 பைட். திரையில் தெரிந்தவை சில கட்டங்களும் கோடுகளும் மட்டுமே. ஆனால் கிளிஃப் ஸ்போன் முதலிய ஓவியர்கள் பெட்டிகளுக்குத் தீட்டிக்கொடுத்தவை, பல காட்சிகள் ஒன்றோடொன்று பின்னி நிற்கும் முழு ஓவியங்கள். திரை காட்ட இயலாததைப் பெட்டி சொன்னது; வாங்கியவர் பெட்டியின் துணைகொண்டு திரையை நிரப்பிக்கொண்டார். இதை ஏமாற்று என்று சொல்வோர் உண்டு. அது முழு உண்மையன்று. நாடக மேடையில் ஒரே ஒரு மரக்கிளையைக் காட்டிக் காடு என்று சொல்வதைப் போன்ற உடன்பாடு அது. இங்கே கருத வேண்டியது, அந்தப் படத்துக்குக் கையளவு பரப்பும், கடையில் நின்று அதைத் திருப்பிப் பார்க்கும் மனிதரின் பொறுமையும் கிடைத்தன என்பதே.

பெங்களூருக்கு அந்தப் பெட்டிக்காலம் வாய்க்கவில்லை. 1997இல் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ் இந்திய விளையாட்டுத் துறையின் முன்னோடிகளுள் ஒன்று. எனினும் அதன் பெரும்பணி பிறருடைய விளையாட்டுகளுக்கு உறுப்புகள் செய்து கொடுப்பதாகவே இருந்தது. ஃபோர்சா வரிசைப் பந்தய விளையாட்டுகளின் கார்கள் பல அங்கே உருவாயின. முகப்பில் எந்தக் காரை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்ற முடிவு வேறு கண்டத்தில் எடுக்கப்பட்டது. 2010இல் ஜிங்கா பெங்களூரில் அலுவலகம் திறந்தது. 2012இல் கர்நாடக அரசு அசைவூட்டம், விளையாட்டுத் துறைகளுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஆக, தனக்கென ஒரு முகப்பை வரைய வேண்டிய தேவை வந்தபோது இந்நகரத்தில் கைத்திறனுக்குக் குறைவில்லை. குறைவாக இருந்தது இடம்தான்.

அந்த இடத்தின் அளவுகள் துல்லியமானவை. கூகுள் பிளே கேட்கும் ஐகான் 512 பிக்சல் அகலமும் அதே உயரமும் கொண்ட சதுரம். அதன் மூலைகளைக் கடையே வளைத்துக்கொள்ளும். தேடல் பட்டியலில் பயனர் காண்பதோ கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஓர் உரு. 1024க்கு 500 என்ற அளவில் அகன்ற படம் ஒன்றும் உண்டு. கதை சொல்ல அதில் இடமிருக்கிறது. ஆனால் பட்டியலில் முந்தி வந்து நிற்பது ஐகானே. ஆகவே அதை வரைபவர்களிடையே சில வழக்கங்கள் உறுதிப்பட்டன. ஒரு படத்துக்கு ஒரு பொருள். நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினாலும் உரு பிரிந்து தெரிய வேண்டும். எழுத்து வேண்டாம், சுருங்கினால் படிக்க முடியாது, மொழி மாறினால் பொருளற்றுப் போகும். மூலைகளில் முக்கியமான எதையும் வைக்கலாகாது. வரைந்து முடித்ததும் 48 பிக்சலுக்குச் சுருக்கி, வெயிலில் கைபேசியை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். 2012இல் வந்த 'கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்' வாய்பிளந்து கத்தும் ஒற்றை முகத்தை ஐகானாக்கியது. அதன்பின் உலகெங்கும் எத்தனை முகங்கள் வாய்பிளந்தன என்பது தனியே ஆராயத்தக்கது.

2015இல் கூகுள் ஒரு சோதனை வசதியை அறிமுகப்படுத்தியது. நடப்பிலுள்ள படத்தோடு மூன்று மாற்றுப் படங்கள் வரை போட்டியிட வைக்கலாம். கடைக்கு வருவோரைப் பிரித்து ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு படத்தைக் காட்டலாம். எதைக் கண்டவர்கள் அதிகம் நிறுவினார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். ஓவியரின் தீர்ப்பும் முதலாளியின் விருப்பமும் இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. 2021இல் வந்த விதி, ஐகானிலும் பெயரிலும் 'இலவசம்', 'முதலிடம்' போன்ற சொற்களைத் தடைசெய்தது. அது வரவேற்கத்தக்க விதியே. ஆனால் சொல் விலக்கப்பட்டபின் சுமை முழுவதும் உருவத்தின் மேல் இறங்கியது.

எண்ணிக்கை எதைத் தேர்ந்தெடுக்கும்? ஒரு நொடிக்குள் அதிகம் பேர் அடையாளம் காணும் பொருளை. லூடோ என்பது பச்சீசியைச் சுருக்கி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற ஆட்டம். பச்சீசியில் சோழி உருண்டது. லூடோவில் கனசதுரப் பகடையும் அதை உருட்டும் குவளையும் வந்தன. பின்னர் அது அச்சிட்ட அட்டையாக இந்தியக் கடைத்தெருக்களுக்கும் பள்ளி விடுமுறைகளுக்கும் திரும்பி வந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்ற நான்கு நிறங்கள் பாட்னாவிலும் மதுரையிலும் ஒன்றே. தமிழ்நாட்டுத் தாயக்கட்டைக்கும் கன்னட நாட்டுச் சோழிக்கும் இந்தப் பொதுமை கிடையாது. 2016இல் ஜியோவின் வருகையால் இணையத் தரவு மலிந்து, இந்திய மொழிகள் அனைத்தையும் பேசுவோர் ஒரே கடைவாசலுக்கு வந்து சேர்ந்தபோது இந்தப் பொதுமையின் விலை மேலும் ஏறியது. லூடோ செயலிகளின் முகப்பில் பொதுவாகக் காணப்படும் கனசதுரப் பகடைக்கு வடிவியல் சாதகமும் உண்டு. எந்தக் கோணத்தில் வைத்தாலும் அது பகடையாகவே தெரியும். நீள்பகடையைச் சுருக்கினால் குச்சியாகிவிடும். சோழியைச் சுருக்கினால் கூழாங்கல்.

இவ்விடத்தில் அளவின் மேல் முழுப் பழியையும் சுமத்திவிடத் தோன்றும். பெங்களூரிலிருந்து 150 கிலோமீட்டருக்குள் இருக்கும் மைசூர் அதை மறுக்கிறது. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) விளையாட்டுகளில் பேரீடுபாடு கொண்டவர். 'ஸ்ரீதத்துவநிதி'யின் கௌதுகநிதிப் பகுதியில் அவர் வகுத்த கஞ்சிபா சீட்டாட்டங்கள் பதிவாகியுள்ளன. சிலவற்றில் 18 வகுப்புகள் வரை உண்டு. பரவலாக ஆடப்பட்ட தசாவதாரக் கஞ்சிபாவுக்குப் பத்து வகுப்புகள், 120 சீட்டுகள். பெரும்பாலும் வட்டமானவை, உள்ளங்கைக்குள் அடங்குபவை. விசிறிபோல் விரித்துப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு பிறைத்துண்டு மட்டுமே தெரியும். அந்தத் துண்டைக் கொண்டு வகுப்பை அறிய வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு வகுப்புக்கும் தனித் தளநிறம் பூசினார்கள். ஒரே சின்னத்தை எண்ணிக்கைக்கேற்ப அடுக்கினார்கள். அரசனையும் அமைச்சனையும் மட்டும் உருவங்களாகத் தீட்டினார்கள். ஒரு பொருள், தெளிந்த நிறம், எழுத்தில்லை: இன்றைய ஐகான் வரைபவர் கைக்கொள்ளும் வழக்கங்கள் ஏறத்தாழ முழுமையாக அங்கே இருக்கின்றன. சிறிய பரப்பில் மீனும் ஆமையும் நரசிங்கமும் குழப்பமின்றி நின்றன. ஆகவே சிற்றளவு உள்ளூர் உருவங்களுக்குப் பகையன்று. கஞ்சிபா ஆடுபவர் ஆட்டத்தை முன்பே கற்றவர். செயலிக் கடையில் ஐகானைப் பார்ப்பவர் இன்னும் எதற்கும் உடன்படாதவர், அடுத்த நொடியில் விரலைத் தள்ளிவிடக்கூடியவர். வேறுபாடு அங்கே இருக்கிறது. தீன் பத்திச் செயலிகள் கஞ்சிபாவை நாடாமல், பிரிட்டனின் மூன்று சீட்டு ஆட்டத்தோடு உறவுடையதாகக் கருதப்படும் ஓர் ஆட்டத்தின் இஸ்பேட்டையும் ஆர்ட்டினையும் ஏந்தி நிற்பதற்கும் இதுவே காரணம்.

அடையாளத்தைக் கடன் வாங்கும் வேறு வழியும் முயலப்பட்டது. மூன்ஃபிராக்கே 2016இல் நடிகை ஆலியா பட்டின் பெயரிலும் 2017இல் 'பாகுபலி'யின் பெயரிலும் விளையாட்டுகளை வெளியிட்டது. சுவரொட்டி மரபு சதுரத்துக்குள் நுழைந்த நிகழ்ச்சி என்று அதைச் சொல்லலாம். பரிச்சயத்தைத் தேடுவதில் அதுவும் பகடையின் உடன்பிறப்புதான்.

பரிச்சயமில்லாமல் ஒரு முகப்பு பிழைக்காதா? பிழைக்கும், கடை வேறாக இருந்தால். டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்ட 'வெண்பா', பெரும்பாலான வாங்குவோருக்குப் பொருள் விளங்காத ஒரு யாப்பின் பெயரைத் தலைப்பாகக் கொண்டது. அது கணினிக்கும் விளையாட்டுப் பொறிகளுக்கும் விலைக்கு வந்தது. ஸ்டீம் நூலகத்தில் முகப்புப் படத்துக்கு 600க்கு 900 என்ற நெடிய பரப்பு கிடைக்கிறது. பணம் கொடுப்பவர் சில நிமிடங்கள் நின்று படிக்கிறார். விமரிசனம் முன்பே அவரை வந்தடைந்திருக்கிறது. இலவசமாக நிறுவச் சொல்லும் கடையில் இம்மூன்றும் அரிது. எனவே 'வெண்பா'வைச் சுட்டிக்காட்டிப் பெங்களூர் ஓவியர்களுக்குத் துணிவில்லை என்று குறைகூறுவது பொருந்தாது. அவர்களுடைய படங்கள் வேறு தேர்வறையில் அமர்த்தப்பட்டவை.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய முனையும் மாணவர் எதிர்கொள்ளும் இடரும் அந்தத் தேர்வறையிலிருந்தே வருகிறது. அட்டாரிப் பெட்டிகள் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன. அவற்றைத் தீட்டியவர்களின் பெயர்கள் தெரியும். கஞ்சிபாச் சீட்டுகளை அருங்காட்சியகங்களில் காணலாம்; உடையாரின் ஏடும் இருக்கிறது. செயலிக் கடையிலோ புதிய ஐகானை ஏற்றிய கணத்தில் பழையது பக்கத்திலிருந்து மறைகிறது. தீபாவளிக்கு அகல்விளக்கோடு வரும் படம் கார்த்திகைக்குள் போய்விடும். வரைந்தவரின் பெயருக்கு அங்கே இடமே கிடையாது. வென்ற படமாவது சில மாதம் கண்ணில் படும். சோதனையில் தோற்ற மூன்று மாற்றுகளைக் கண்டவர்கள் அந்த ஒரு வாரம் கடைக்கு வந்த ஒரு பகுதியினர் மட்டுமே. தாம் ஒரு சோதனைக்குள் இருப்பதை அவர்களும் அறியமாட்டார்கள். பெங்களூர் அலுவலகம் ஒன்றில் யாரேனும் ஒருவர் கனசதுரத்துக்குப் பதிலாக நான்கு சோழிகளை வரைந்து பார்த்திருந்தால், அதற்கான சான்று அந்நிறுவனத்தின் உட்கோப்பில் மட்டுமே இருக்கும்.