கம்பிவழிச் சென்ற தமிழெழுத்து

யாழ்ப்பாணம் – கண்டி வீதியிலே, புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த ஊர் கனகராயன்குளம். போர்க்காலத்தில் பல்லாண்டு மூடிக்கிடந்த அவ்வீதி 2002இல் திறக்கப்பெற்று, 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. வழி அறுந்தால் பொருள் இருந்தும் பயனில்லை என்பதை வன்னி மக்கள் பட்டறிந்தனர். எழுத்துக்கும் இந்நிலை நேர்வதுண்டு. இடப்பெயர்வில் காகிதம் அழிந்து, பழங்கணினியில் மட்டும் ஓர் ஆவணம் எஞ்சுமாயின், அதனைப் புதுக்கணினிக்குக் கொணரும் வழி பெரும்பாலும் ஒரு தொடர்வரிசைக் கம்பியேயாகும்.

அக்கம்பிக்குரிய ஆர்.எஸ். 232 என்னும் நியமம் 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. கணினியை மோடத்துடன் இணைப்பதே அதன் நோக்கம். ஆதலின் இரு கணினிகளை நேரே இணைக்குங்கால், ஒன்றின் அனுப்பும் கம்பி மற்றதன் பெறும் கம்பியோடு மாறிச் சேரவேண்டும். மாறாவிடின் இரண்டும் பேசும், இரண்டும் கேளா. கம்பி சரியாக இருந்தும் குப்பையெழுத்துக்கள் தோன்றினால், இருபுறத்து வேகமும் பிற் அமைப்பும் ஒத்துள்ளனவா என நோக்கவேண்டும். தொடக்கத்தில் சரியாக வந்து இடையிடையே எழுத்துக்கள் விடுபட்டால், பெறும் கணினி வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்பது பொருள்.

இத்தகைய பிழைகளைக் கண்டறிய 1977இல் வாட் கிறிஸ்ரென்சன் எக்ஸ்மோடெம் முறையை ஆக்கினார். 128 பைற் கொண்ட துண்டுகளாகக் கோப்பை அனுப்பி, ஒவ்வொன்றின் கூட்டுத்தொகையையும் சரிபார்ப்பது அம்முறை. எட்டுப் பிற்றும் தடையின்றிச் செல்லும் வழி அதற்கு இன்றியமையாதது. 1981இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கேர்மிற், ஏழு பிற் மட்டுமே செல்லும் வழியிலும் எட்டாவதைக் குறியீட்டால் உணர்த்திக் காத்தது. மாணவர் தம் கோப்புக்களைப் பெருங்கணினியிலிருந்து சிறுகணினித் தட்டுக்கு மாற்றும் தேவையே அதன் பிறப்புக்குக் காரணம்.

தமிழுக்கு இந்த எட்டாவது பிற் உயிர்நிலையாகும். 'தஸ்கி' குறிமுறையில் தமிழெழுத்துக்கள் 128க்கு மேற்பட்ட எண்களைப் பெற்றன. அதில் அகரத்தின் எண் 171. எட்டாவது பிற் வழியில் உதிர்ந்தால் அது 43 ஆகிக் கூட்டற்குறியாய்த் தோன்றும். எது அகரம், எது உண்மையான கூட்டற்குறி எனப் பின்னர் பிரித்தறிதல் அரிது. ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துருவோ, பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலேயே தமிழை அமைத்தது. எனவே பாமினிக் கோப்பொன்று பழுதின்றி வந்துசேர்ந்தும், உரிய எழுத்துருவின்றித் திறப்பவருக்குப் பொருளற்ற ஆங்கிலமாகவே காட்சியளிக்கும்.

இவ்விரு தோற்றங்களும் ஒன்றுபோல் மயக்குவன. ஆயின் ஒன்று இழப்பு, மற்றது வெறும் மாறுவேடம். முன்னதற்கு மருந்து, மூலத்தட்டிலிருந்து மீண்டும் எட்டுப் பிற்றோடு அனுப்புதல். பின்னதற்கு யுனிக்கோட்டுக்கு மாற்றுதல். இவ்வேறுபாட்டை அறியாதார் நல்ல கோப்பைப் பழுதென எறியவும், பழுதுற்றதை நம்பி மூலத்தை அழிக்கவும் கூடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட நாட்டிலே, தீயின்றியும் ஏடுகள் அழியும் என்பது சிறிய செய்தியன்று. பெற்ற படியைப் படித்து உறுதிசெய்யும்வரை மூலத்தைக் காத்தலே ஆவணம் பேணுவோரின் முதற்கடனாகும்.